வேலூரில் வீட்டுக் காற்றாலை: களத்துமேட்டில் கேட்டிருக்க வேண்டிய கணக்கு

வேலூரை வெயிலூர் என்று சொல்வதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சலிப்போடு கலந்த ஒரு பெருமை உண்டு. அந்த வெயிலைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், காற்றை நம்பி வீட்டு மாடியில் காற்றாலை வைத்தவன் நான். அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் இடையே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய நான், என் வாழ்க்கையில் மிக அதிகமாகப் பணம் போட்ட ஒரு விஷயத்தில் கணக்குப் போட மறந்தேன். காற்றாலை வாங்கலாமா என்று இப்போதும் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

2012 கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போனோம். ஆரல்வாய்மொழி கணவாயைப் பேருந்து கடக்கும்போது, சாலையின் இரு புறமும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஒரே திசையைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. சன்னலைத் திறந்தால் முகத்தில் அறையும் காற்று. அந்தக் காட்சி மனத்தில் தங்கிவிட்டது. அதே ஆண்டு ஐப்பசியில் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் எப்போது போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் சொன்னேன். சொந்தமாக மின்சாரம் தயாரித்தால் என்ன என்ற எண்ணம் வந்தபோது, கண்ணுக்குள் நின்றது ஆரல்வாய்மொழிதான்.

அப்போது எனக்குப் புரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதும்போது, மலை தாழ்ந்திருக்கும் இடைவெளிகள் வழியாகப் புகுந்து வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கு கணவாய்களின் வாசலில்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலம் முழுவதும் கம்பி வழியாகப் போய்ச் சேருகிறது. ஐப்பசியில் அந்தக் காற்று நின்றதும் அன்றைய பற்றாக்குறை இன்னும் கடுமையாகத் தெரிந்தது. அதாவது, எங்கள் வீட்டு விளக்கில் காற்று மின்சாரம் முன்பே எரிந்துகொண்டிருந்தது. அது நின்றதால் வந்த இருட்டில் உட்கார்ந்துதான் நான் காற்றாலை வாங்கத் திட்டமிட்டேன்.

2013 பிப்ரவரியில் ஒரு கிலோவாட் காற்றாலை வந்து இறங்கியது. மூன்று இறக்கைகள், சுழல் வட்டத்தின் குறுக்களவு 2.7 மீட்டர், பின்னால் ஒரு வால், பேட்டரியில் சார்ஜ் ஏறுவதைச் சீராக்கச் சுவரில் மாட்டும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். இவற்றுக்கு 1,20,000 ரூபாய். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரிகள் நான்குக்குத் தனியாக 52,000 ரூபாய். விற்ற நிறுவனத்தின் விளம்பரத் தாளில் ‘மாதம் 150 யூனிட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், காற்றின் ஆண்டுச் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டராக இருந்தால் என்றும் இருந்தது. பொய் எதுவும் அதில் இல்லை. பொடி எழுத்தை நான் படித்தேன். ஆனால் எங்கள் ஊரின் சராசரி என்ன என்று யாரையும் கேட்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியே எனக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது.

மாடிப்படி அறையின் சுவரோடு 12 அடிக் குழாயைப் பட்டை போட்டு இறுக்கி, அதன் உச்சியில் காற்றாலையைப் பொருத்தினார்கள். தரையிலிருந்து பார்த்தால் மொத்தம் 23 அடி உயரம். ஊரே வந்து பார்த்தது. இறக்கை அசையவில்லை. தை, மாசியில் எங்கள் பக்கம் இலை அசையாது என்று பொருத்த வந்தவர்களிடம் நானே சமாதானம் சொன்னேன். அப்போது பக்கத்துக் கழனிக்காரரான பெரியவர் ஒருவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்: “வாத்தியாரே, இங்க காத்து கீதுன்னு உனுக்கு யாரு சொன்னது? நெல்லு தூத்தறதுக்கே பொழுது சாயற வரைக்கும் மொறத்த வச்சிக்னு களத்துல குந்திக்னு இருப்போமே.”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் சொன்னதைப் பின்னால் எண்ணிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு துல்லியமான அளவீடு என்று விளங்கியது. முறத்திலிருந்து கொட்டும் நெல்லிலிருந்து பதரைப் பிரித்துத் தள்ளுவதற்கு, முகத்தில் படுகிற அளவுக்குச் சீரான காற்று போதும். வினாடிக்கு இரண்டு, மூன்று மீட்டர். அந்த அளவுக் காற்றே மணிக்கணக்கில் வராமல் உழவர்கள் காத்திருந்த ஊர் இது. களத்தில் டிராக்டரோடு விசிறியை இணைத்துத் தூற்றும் வழக்கம் எங்கள் பக்கம் வந்ததற்குக் காரணமே அதுதான். என் காற்றாலை அசையத் தொடங்குவதற்கே வினாடிக்கு 3 மீட்டர் தேவைப்பட்டது.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்லாமல் முடியாது. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. என் காற்றாலையின் சுழல் வட்டப் பரப்பு ஏறத்தாழ 5.7 சதுர மீட்டர். வினாடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது ஒரு கிலோவாட் தரும். அதே காற்றாலை வினாடிக்கு 5 மீட்டரில் 100 வாட் சுற்றுவட்டாரத்தில்தான் தரும். 3 மீட்டரில் 20 வாட். பெயர்ப்பலகையில் இருக்கும் ‘ஒரு கிலோவாட்’ என்பது, மரக்கிளைகள் முறுக்கிக்கொண்டு ஆடும் காற்றில் மட்டும் உண்மையாகும் எண். காற்றிலிருந்து அதிகபட்சம் 59.3 சதவீத ஆற்றலைத்தான் எந்தச் சுழலியும் எடுக்க முடியும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவியிருக்கிறார். வீட்டுக் காற்றாலைகள் நடைமுறையில் அதில் பாதியைத் தொட்டாலே நல்ல செய்தி.

ஆடி வந்தது. கிருத்திகைக்குக் காவடி எடுத்தவர்கள் ரத்தினகிரிக்குப் போய்க்கொண்டிருந்த வாரத்தில் மேற்கிலிருந்து மேல்காற்று எழுந்து, காற்றாலை முதன்முறையாக வேகம் பிடித்தது. கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தபோது அடைந்த மகிழ்ச்சி அன்று இரவே போய்விட்டது. இறக்கைகள் சுழலும் அதிர்வு குழாய் வழியாகச் சுவரில் இறங்கி, சுவர் வழியாகக் கூரையில் பரவி, படுக்கையறைக்குள் ஒரு ரீங்காரமாகக் கேட்டது. சத்தம் பெரிதல்ல, ஆனால் ஓயாத சத்தம். தலைமாட்டில் யாரோ தேன்கூடு கட்டிவைத்ததுபோல் இருக்கிறது என்றார் என் தாயார். மூன்றாம் வாரத்தில் மாடிப்படி அறைச் சுவரின் பூச்சில், பட்டை இறுக்கிய இடத்திலிருந்து கோணலாக ஒரு விரிசல் ஓடியது. வீட்டுச் சுவரிலோ மொட்டைமாடியிலோ காற்றாலையைப் பொருத்தலாம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம் என்பது என் முதல் அறிவுரை. ரப்பர் பட்டை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் வைத்தேன், விரிசல் வளர்வது மெதுவானது, அவ்வளவுதான்.

மாடி சரிப்படாததற்கு அதிர்வைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வீடும் மரங்களும் காற்றைக் கலக்கிவிடுகின்றன. தடையைத் தாண்டிவரும் காற்று சுழிசுழியாக வருவதால், காற்றாலை ஒவ்வொரு நிமிடமும் திசை மாற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும். திரும்பும் நேரத்தில் மின்சாரம் வராது, பேரிங் தேயும். எங்கள் மாடியிலிருந்து நாற்பது அடி தொலைவில் ஒரு புளிய மரமும், அதற்கு அப்பால் தென்னை வரிசையும் இருந்தன. காற்றாலையின் வால் நாய் வால்போல ஆடிக்கொண்டிருந்ததை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இதை நான் உணர்ந்தேன். சுற்றிலும் 300 அடிக்குள் இருக்கும் எந்த மரத்தையும் கட்டடத்தையும்விட, இறக்கையின் கீழ்முனை குறைந்தது 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. இந்த விதியைக் கடைப்பிடித்தால் கம்பத்தின் செலவு காற்றாலையின் செலவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும் என்பதால், விற்பவர்கள் யாரும் அதை முதலில் சொல்வதில்லை.

புரட்டாசியில் காற்றாலையை வீட்டிலிருந்து 150 அடி தள்ளி, மரமில்லாத கொல்லைக்கு மாற்றினேன். 60 அடிக் குழாய்க் கம்பம். நான்கு திசையிலும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள். அடியில் கீல் வைத்து, தேவைப்பட்டால் கம்பத்தையே சாய்த்துத் தரையில் கிடத்தும் ஏற்பாடு. மொத்தம் 38,000 ரூபாய். இந்தக் கீலுக்குச் செலவழித்ததை மட்டும் நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நிலையாக நட்ட 60 அடிக் கம்பத்தில் ஏறிக் கிரீஸ் வைக்க ஆள் கிடைப்பது எளிதல்ல. கிடைத்தாலும் அவர் பாதுகாப்பாக இறங்கும்வரை நம் உயிர் நம்மிடம் இருக்காது.

கம்பியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தொலைவு கூடினால் கம்பியிலேயே மின்சாரம் சூடாக வீணாகும். ஒரே தடிமன் கம்பியில் ஒரே அளவு மின்திறனை 48 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட்டில் கொண்டுவந்தால் இழப்பு நான்கு மடங்காகும். அதனால் நான்கு பேட்டரிகளையும் தொடராக இணைத்து 48 வோல்ட் வைத்தது சரியான முடிவாக அமைந்தது. கம்பத்துக்கும் ஸ்டே கம்பிகளுக்கும் எர்த் போடுவதை மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மலைப்பக்கமிருந்து வரும் கோடை இடி எந்த உயரத்தையும் விட்டுவைப்பதில்லை.

கம்பத்தை மாற்றிய கையோடு காற்றுமானி ஒன்றையும் வாங்கி அதே உயரத்தில் பொருத்தினேன். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதை வாங்கியபின் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2014 சனவரி முதல் திசம்பர் வரை, காற்றின் வேகத்தையும் பேட்டரிக்குள் போன யூனிட்டுகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஆண்டுச் சராசரி வினாடிக்கு 2.7 மீட்டர். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களில் 3.6, மற்ற ஒன்பது மாதங்களில் 2.4. ஆண்டு முழுவதும் கிடைத்த மின்சாரம் 141 யூனிட். அதில் 96 யூனிட் அந்த மூன்று மாதங்களில் வந்தவை. விளம்பரத் தாள் ஒரு மாதத்துக்குச் சொன்னதைவிடக் குறைவாக, ஓர் ஆண்டுக்குக் கிடைத்தது.

கணக்கு வாத்தியாராக இருந்து இதை நான் முன்பே கண்டிருக்க வேண்டும். 2.7ஐ 5ஆல் வகுத்து மும்மடியாக்கினால் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மாதம் 150 யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு என்றால் 25 யூனிட்டை எட்டாது. காற்று 3 மீட்டருக்குக் கீழே இருக்கும் நேரமெல்லாம் இறக்கை சும்மா நிற்பதால் அதிலும் பாதி போய்விடுகிறது. மீதி 12 யூனிட். பேருந்துப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு.

இதைவிடக் கசப்பான ஒன்றை அந்த நோட்டு காட்டியது. எங்கள் இன்வெர்ட்டர் ஒரு விளக்கும் எரியாமல் வெறுமனே ஓடினாலே 25 வாட் தின்றது. நாள் முழுவதும் ஓடினால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். காற்று இல்லாத ஒன்பது மாதங்களில் காற்றாலை தந்ததோ மாதம் 5 யூனிட். காற்றாலையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி, காற்றாலை தருவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது! அன்று முதல் மின்வெட்டு நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டரைப் போடுவதும், கொட்டகைக்கும் வாசலுக்கும் பேட்டரியிலிருந்து நேரடியாக எரியும் சிறு எல்இடி விளக்குகள் போடுவதும் என்று மாற்றிக்கொண்டேன். எந்தக் கருவி வாங்கினாலும் அது சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான்.

பேட்டரிகள் முதல் தொகுதி இரண்டரை ஆண்டுகளில் செத்தன. பாதிக் காரணம் என் பிடிவாதம். காற்றிலேயே சார்ஜ் ஏறட்டும் என்று மின்வாரிய இணைப்பிலிருந்து சார்ஜ் ஏறுவதை நிறுத்திவைத்திருந்தேன். பாதி சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. மீதிப் பாதிக் காரணம் எங்கள் ஊர் வெயில். பேட்டரிகளைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தேன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பார்கள். கத்திரி நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தகரத்துக்குக் கீழே அவை என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் தொகுதியை வடக்குப் பக்க அறையில், சன்னல் ஓரத்தில் வைத்தேன். அவை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன.

2015 ஆடியில் நடந்த விபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது யாருக்கும் நடக்கக்கூடியது. பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டவும் ஒருவர் வந்திருந்தார். இன்வெர்ட்டர் வேலையில் கைதேர்ந்தவர். காற்றாலையை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். வழக்கம்போல் முதலில் பேட்டரியின் மெயின் கம்பியைக் கழற்றினார். வெளியே மேல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கழற்றிய இரண்டு மூன்று நொடிகளில் கொல்லையிலிருந்து வந்த ஓசை மாறியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். இறக்கைகள் மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளை வட்டமாகிவிட்டன; ஸ்டே கம்பிகள் தந்திபோல் அதிர்ந்தன. உள்ளே கன்ட்ரோலரிலிருந்து மீன் வறுபடும் வாடையோடு நீலப் புகை வந்தது.

காரணம் எளிது. பேட்டரி இழுக்கும் மின்சாரம்தான் காற்றாலைக்குச் சுமை. மாட்டு வண்டியின் பாரத்தை ஏற்றத்தில் திடீரென்று அவிழ்த்துவிட்டதுபோல, சுமை போனதும் இறக்கை கட்டுப்பாடின்றி வேகமெடுக்கிறது. வேகம் கூடக் கூட வோல்ட்டேஜும் கூடி, கன்ட்ரோலர் எரிந்துபோகிறது. காற்றாலையிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் பிரேக் சுவிட்ச் சுவரிலேயே இருந்தது. அதை அழுத்தினால் இறக்கை ஊர்ந்து நின்றுவிடும். முதலில் பிரேக், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பிரேக்கை விடுவிப்பது. அந்தப் பிரேக்கையும் புயல் வேகத்தில் சுழலும்போது அழுத்தக் கூடாது. காற்று தணியும் ஒரு கணம் பார்த்து அழுத்த வேண்டும். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டாதது என் தவறு, வந்தவர்மீது குற்றமில்லை. புதிய கன்ட்ரோலர் 14,000 ரூபாய் ஆனது. தாள் இப்போதும் சுவரில் இருக்கிறது.

அந்த ஆண்டு இறுதியில், அதே பேட்டரிகளோடு ஒரு கிலோவாட் சோலார் பேனல்களை இணைத்தேன். சூடு ஏற ஏறப் பேனலின் திறன் கொஞ்சம் குறையும் என்பது உண்மையே. அப்படியும் ஒரு நாளைக்கு 4 யூனிட் வந்தது. காற்றாலை ஓர் ஆண்டில் தந்ததைப் பேனல்கள் ஐந்து வாரத்தில் தந்தன. சத்தம் இல்லை, கிரீஸ் இல்லை, மாதம் இருமுறை ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும். ‘வெயிலூர்’ என்ற பெயரிலேயே விடை இருந்தது.

காற்றாலையால் பயனே இல்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் நியாயமாகாது. ஆடி மாதத்தில் மேகம் மூடிய பிற்பகல்களில் பேனல் சோர்ந்திருக்கும்போது காற்றாலை சுழலும். சில இரவுகளில் விடிய விடியச் சுழன்று, காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். வெயிலும் காற்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்பது கோட்பாட்டளவில் சரிதான். எங்கள் ஊரில் ஒரு கை யானைக் கை, மற்றொன்று எறும்புக் கை. கம்பத்தையும் சேர்த்துக் காற்றாலைக்குப் போட்ட 1,58,000 ரூபாயை, அது 15 ஆண்டு பழுதின்றி ஓடும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால்கூட, ஒரு யூனிட் 75 ரூபாய் வருகிறது. பேட்டரிச் செலவு இதில் சேரவில்லை. மின்வாரியமோ 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட்டை இலவசமாகவே தரத் தொடங்கியது.

சிலர், உங்கள் காற்றாலை பழைய மாதிரி, இப்போது குறைந்த காற்றிலும் சுழலும் செங்குத்துக் காற்றாலைகள் வந்துவிட்டன என்பார்கள். கண்காட்சிகளில் வண்ண வண்ணமாகச் சுழலும் அவற்றை நானும் பார்த்திருக்கிறேன். சுழல்வது வேறு, மின்சாரம் தருவது வேறு. ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள உருளையை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் அதன் முகப்பைக் கடக்கும் மொத்த ஆற்றலே 23 வாட்தான். பெட்ஸ் வகுத்த எல்லையைத் தொட்டாலும் 14 வாட்டைத் தாண்ட முடியாது. இறக்கையின் வடிவத்தை எப்படி மாற்றினாலும் இல்லாத காற்றைப் பிடிக்க முடியாது. எனவே கடைக்காரரிடம் எத்தனை வாட் என்று கேட்பதைவிட, காற்றைப் பிடிக்கும் பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்பது நல்லது. பெரிய காற்றாலைகள் ஏன் மலிவாக மின்சாரம் தருகின்றன என்பதும் இதிலேயே விளங்கும்: 120 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு காற்றாலை, என்னுடையதைப் போன்ற ஏறத்தாழ 2,000 காற்றாலைகளின் பரப்பை, என் கம்பத்தைவிடப் பல மடங்கு உயரத்தில், கணவாய்க் காற்றில் விரித்து நிற்கிறது.

காற்றை அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முகத்தில் காற்று படுவது தெரிந்து, மர இலைகள் சலசலத்தால் அது வினாடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3.4 முதல் 5.4 வரை. இது கடலோடிகள் இருநூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பியூபோர்ட் அளவுகோலின் ஒரு பகுதி. உங்கள் கொல்லையில் உள்ள வேப்ப மரத்தின் உச்சி, ஆடியில் மட்டுமல்லாமல் கார்த்திகையிலும் மாசியிலும், பகலிலும் இரவிலும், பெரும்பாலான நேரம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பொருந்தக்கூடும். எங்கள் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் முகட்டில் இருப்பவர்கள் அளந்து பார்க்கலாம். அடிவாரத்தில் மலை காற்றை மறைத்துக்கொள்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாட்டின் காற்று வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவை 50 மீட்டர், 100 மீட்டர், அதற்கும் மேலான உயரங்களில் வீசும் காற்றைக் காட்டுபவை. அந்த எண்ணை 60 அடிக் கம்பத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தரைக்கு நெருங்க நெருங்கக் காற்று மெலியும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் திறந்த வெளியில் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம்தான் கூடும், ஆனால் மும்மடிக் கணக்கால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

அரசு உதவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரைச் சோலாருக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அதில் காற்றாலைக்கு இடமில்லை.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும் என்ற அறிவிப்பு வந்தபோது, நான்கு பேர் சேர்ந்து அரை நாளில் கம்பத்தைச் சாய்த்துக் கிடத்தினோம். எங்கள் பக்கம் காற்றைவிட மழைதான் பலமாக இருந்தது. மழை விட்டபின் திரும்ப நிமிர்த்தினோம். 2022இல் பேரிங் கரகரக்கத் தொடங்கியது. இறக்கிப் பார்த்தால் மாற்றுவதற்கு ஆகும் செலவு, அதற்குப் பிறகு அது தரப்போகும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு. இறக்கைகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கம்பத்தை மட்டும் நிமிர்த்தி உச்சியில் காற்றுமானியைத் திரும்பப் பொருத்தினேன். களத்துப் பெரியவர் அன்றும் வந்தார். “இப்ப இன்னா வாத்தியாரே, காத்த புடிக்கறதுக்கு பதிலா எண்ணிக்னு கீறியா?” என்றார். ஆமாம் என்றேன்.

சென்ற ஆண்டு முதல் அந்தக் காற்றுமானியைக் கேட்பவர்களுக்கு இரவல் தருகிறேன். இப்போது அது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் தேன் பெட்டிகள் வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் இருக்கிறது. மார்கழியில் வாங்கிக்கொண்டு போனார். வாரம் ஒருமுறை எண்களை அனுப்புகிறார். மாசி வரையிலான எண்கள் என்னுடையவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன, ஆனால் மார்கழியையும் மாசியையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. அடுத்த மார்கழி வரை அது அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டையும் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.